இருநூற்று நாற்பத்து நான்கு மணி

சிகோலா நகர மன்றத்தின் வாசலுக்கு நேர் எதிரே சப்பாத்தியும் இஞ்சி டீயும் விற்பவன் நான். மன்றத்துக்குள் நடப்பது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். கூட்டம் முடிந்ததும் அதிகாரிகள் என் பெஞ்சில்தான் வந்து உட்காருவார்கள். உள்ளே பேசியதை இங்கே இன்னொரு முறை, இன்னும் சத்தமாகப் பேசுவார்கள். அவர்களைப் பற்றி நான் கெடுதலாக எதுவும் சொல்லப் போவதில்லை. அவர்கள் சொன்னதை அப்படியே சொல்கிறேன், அது போதும்.

எங்கள் மன்றத்தில் எல்லாவற்றுக்கும் அளவு கிலோமீட்டர். அதிகாரிகளின் பயணப்படி கிலோமீட்டரில். பதவி உயர்வும் ஏறக்குறைய அப்படித்தான். தலைநகரத்துக்கு அதிகம் போய்வந்தவர் அதிகம் உழைத்தவர். வண்டிகளுக்கும் அதே நியாயம்தான். ஐயாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டிக்கு எஞ்சின் எண்ணெய் மாற்றலாம், ஓடாத வண்டிக்கு ஒரு சொட்டு கிடையாது. மன்ற இயக்குநர் கியாருசியின் ஜீப் ஓயாமல் கருத்தரங்குகளுக்குப் போய்க்கொண்டே இருந்ததால் ஓயாமல் எண்ணெய் குடித்தது. பழைய எண்ணெயை வடிக்கும்போது அது இன்னும் புதிதுபோலத் தேன் நிறத்தில்தான் இருக்கும். பார்க்கவே வயிறு எரியும்.

இந்தக் கதை ஜீப்பைப் பற்றியதல்ல, டிராக்டரைப் பற்றியது. எங்கள் ஊர் ஆற்றில் மணல்தான் ஓடுகிறது. மணலைத் தோண்டிய கிணற்றிலிருந்து ஆஸ்பத்திரிக்குத் தண்ணீர் கொண்டுபோவது மன்றத்தின் ஒரே டிராக்டர். பின்னால் தொட்டிவண்டியைக் கட்டிக்கொண்டு, பக்கத்தில் நடந்து வரும் ஆடுகள் முந்திப்போகிற வேகத்தில் மேட்டில் ஏறும். கிணற்றடியில் நின்றபடி எஞ்சினை ஓட்டித் தண்ணீரை உறிஞ்ச வேண்டும். ஆஸ்பத்திரியில் நின்றபடி எஞ்சினை ஓட்டி மாடித் தொட்டிக்கு ஏற்ற வேண்டும். விடிந்ததிலிருந்து இருட்டும் வரை இதே வேலை. சக்கரம் சுற்றிய நேரத்தைவிட நின்ற இடத்தில் உறுமிய நேரம்தான் அதிகம். அது எஞ்சினுக்குத் தெரியும். கிலோமீட்டர் முள்ளுக்குத் தெரியாது.

டிராக்டரைச் செய்தவர்கள் அதில் கிலோமீட்டர் காட்டும் கருவி வைக்கவே இல்லை. எஞ்சின் ஓடிய மணியைக் காட்டும் கருவிதான் வைத்திருந்தார்கள். மன்றம் இதை ஒரு குறையாகக் கண்டு, முன்சக்கரத்தில் ஒரு கிலோமீட்டர் கருவியைப் பொருத்தியது. மணி காட்டும் கருவி தணிக்கைக்காரர்களைக் குழப்புகிறது என்று அதன் மேல் காகிதம் ஒட்டிவிட்டது.

அந்த டிராக்டரை ஓட்டியவன் செடேகோ. நல்ல உயரம், கொஞ்சம் கூன், யாரைப் பார்த்தாலும் தானே தப்புச் செய்ததுபோல் சிரிப்பான். எஞ்சினைப் பற்றி அவனுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. அவனே அப்படித்தான் சொல்வான். ஆனால் எண்ணெய் பார்க்கும் கம்பியை இழுத்தபோது அதன் நுனியில் தார் மாதிரி ஏதோ தொங்கியது. எஞ்சின் உள்ளேயிருந்து யாரோ கதவைத் தட்டுவதுபோல் தட்டத் தொடங்கியது. எஞ்சின் மூடியின் மேல் ஒட்டியிருந்த தகட்டில், எண்ணெய் மாற்ற 250 மணி என்று எழுதியிருந்ததையும் பார்த்தான். அன்று மத்தியானமே தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வாகனப் பிரிவு சங்காவிடம் போனான்.

அவனுக்கு அவசரம் இருந்தது. அவன் மனைவி செசெலேலா அதே ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். முந்தைய இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. இந்த முறை நாள் நெருங்கும்வரை கட்டிலைவிட்டு இறங்கக் கூடாது, வயிற்றை அறுத்துத்தான் எடுக்க வேண்டும் என்று டாக்டரம்மா நியாங்கி சொல்லிவிட்டார். தண்ணீர் இல்லாமல் கத்தியைத் தொடமாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். போன வருஷம் நாலே வாளித் தண்ணீரை நம்பி அறுத்து ஒரு பெண்ணைச் சீழ் பிடித்துப் பறிகொடுத்தவர் அவர். ஆகவே செடேகோவின் கணக்கு சுலபமானது. எண்ணெய் இருந்தால் எஞ்சின் இருக்கும், எஞ்சின் இருந்தால் தண்ணீர் இருக்கும், தண்ணீர் இருந்தால் செசெலேலாவும் பிள்ளையும் இருப்பார்கள்.

சங்கா டிராக்டர் வரைக்கும் வந்து பார்த்தார், அது பெரிய விஷயம். குனிந்து முன்சக்கரத்தின் கருவியைப் படித்தார். வண்டி வந்து இத்தனை வருஷமாகியும் ஐயாயிரத்தைத் தொட இன்னும் நிறைய பாக்கி இருந்தது.

"உன் வண்டி எங்கயுமே போகலயேப்பா. எங்கயும் போகாததுக்கு எதுக்கு எண்ணெ?"

"நின்னுக்கிட்டே வேலை செய்யுதுங்க ஐயா."

"நிக்கிறது எப்படி வேலையாகும்?" என்றார் சங்கா. காலையிலிருந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்து அப்போதுதான் எழுந்து வந்திருந்தார் என்பதால் அவருக்கு இந்த விஷயத்தில் அனுபவம் உண்டு.

செடேகோ எண்ணெய்க் கம்பியை இழுத்துக் காட்டினான். சங்கா அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கறுப்பு நல்ல அழுத்தமான நிறம்தான், இதில் தனக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

செடேகோ திரும்பத் திரும்பப் போனான். போகும்போதெல்லாம் பெரியவர்களுக்குச் சொல்ல வேண்டியபடி ஷிகாமோ சொன்னான், அவர்களும் முறைப்படி மராஹபா சொல்லி ஏற்றுக்கொண்டார்கள். வணக்கத்தில் எந்தக் குறையும் வைக்கவில்லை. கடைசியில் டாக்டரம்மாவே இயக்குநர் அறைக்குள் நுழைந்து, டீ கொட்டும்படி மேஜையைத் தட்டிப் பேசிவிட்டு வந்தார். அதன் பிறகுதான் கியாருசி ஒரு கூட்டம் போட்டார். எண்ணெயைக் கிலோமீட்டரில் அளப்பதா, மணியில் அளப்பதா என்பது பொருள். அதிகாரிகள் எல்லோரும் வந்தார்கள். செடேகோவைச் சுவரோரம் நிற்க வைத்தார்கள். டீ என்னிடமிருந்து போனது, ஆகவே நானும் கெட்டிலோடு உள்ளே இருந்தேன்.

கியாருசி எழுந்து பேசினார். நல்ல குரல் அவருக்கு. இந்த மன்றம் மாற்றத்துக்கு எப்போதும் தயாராக இருப்பதாகவும், மாறாமல் இருப்பதற்குத் தேவையான எல்லா மாற்றங்களையும் தாம் செய்துவருவதாகவும் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு தகட்டில் எழுதியிருந்ததைச் சங்கா படித்துக் காட்டினார். அவருக்கு ஒரு நியாயமான சந்தேகம் இருந்தது.

"கடியாரத்துல பன்னெண்டுக்கு மேல இல்ல. இருநூத்தம்பது மணின்னா அது என்னிக்கு அடிக்கும்?"

எல்லோரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள். எங்கள் பேச்சிலும் மணி என்றால் மணிதான். கடிகாரம் காட்டுவதும் அதுவே, ஓடிக் கழிவதும் அதுவே. செடேகோ சுவரோரத்திலிருந்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். பக்கத்தில் நின்ற சேவகன் அவன் கையை அழுத்தினான்.

திட்டப் பிரிவு லியமோ எழுந்தார். கருத்தரங்குகளில் அடிபட்டுத் தேறிய மனிதர். ஒரு அடிப்படை உண்மையை எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்று ஆரம்பித்தார். எங்கள் ஊரில் பொழுது விடிந்து ஒரு மணி நேரம் ஆனால் அது ஒரு மணி. அதை வெள்ளைக்காரன் ஏழு என்பான். அவன் மணியிலிருந்து ஆறைக் கழித்தால் நம் மணி. இது பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

"டிராக்டர் எங்கேருந்து வந்துச்சு? வெளிநாட்டுலேருந்து. அப்போ அதுல எழுதியிருக்கிறது யாரோட மணி? அவனோட மணி. நாம அப்படியே எடுத்துக்கிட்டா, சுதந்திரம் வாங்கி என்ன பிரயோஜனம்? இருநூத்தம்பதுல ஆறு போனா இருநூத்து நாப்பத்து நாலு. நம்ம டிராக்டருக்கு இருநூத்து நாப்பத்து நாலு மணிக்குத்தான் எண்ணெ மாத்தணும்."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. எனக்கே ஒரு நிமிஷம் பெருமையாக இருந்தது, பொய் சொல்வானேன். செடேகோவின் முகத்தைப் பார்த்தேன். அவனுக்கு ஆறு கூடினால் என்ன, குறைந்தால் என்ன? எண்ணெய் மாற்ற ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்று மட்டும்தான் அவன் காதில் விழுந்திருந்தது. கண் கலங்கிவிட்டான்.

எல்லோரும் எழுந்து டிராக்டரிடம் போனார்கள். மணி காட்டும் கருவி மேல் ஒட்டியிருந்த காகிதத்தைக் கியாருசி தம் கையாலேயே உரித்தார். உள்ளே முள் ஆறாயிரத்தைத் தாண்டி நின்றது.

"இருநூத்து நாப்பத்து நாலு எங்க?" என்று கேட்டார்.

அது போய்விட்டது என்று சங்கா மெல்லச் சொன்னார். வண்டி வந்த வருஷமே போயிருக்கும்.

"அப்போ அந்த மணிக்குல்ல மாத்தியிருக்கணும். போன மணிக்கு இப்போ எப்படி மாத்துறது?" கியாருசி செடேகோவின் பக்கம் திரும்பினார். "நீ ஏன் அந்த நேரத்துல வரல?"

"ஐயா, அப்போ நான் இந்த வேலையிலயே இல்லீங்க. மலைக்கு அந்தாண்ட உப்பு மூட்டை தூக்கிட்டிருந்தேன்."

"அதத்தான் கேக்குறேன். ஏன் வரல?"

குறித்த மணியில் எண்ணெய் கேட்கத் தவறியதற்கு விளக்கம் தரும்படி மறுநாள் அவனுக்கு உத்தரவு வந்தது. அதோடு இன்னொரு விஷயமும் தெளிவுபடுத்தப்பட்டது. அலுவலக நேரத்துக்கு வெளியே எஞ்சின் ஓடிய மணிகளை மன்றம் மணிகளாகவே கருதாது, ஞாயிற்றுக்கிழமை மணிகளையும் கருதாது. செடேகோ விடியும் முன்பு வண்டியை எடுத்து இருட்டிய பின் நிறுத்துகிறவன். அவன் உழைத்ததில் பாதி நடக்கவே இல்லை என்று ஆகிவிட்டது.

அன்று சாயங்காலம் என் பெஞ்சில் வந்து உட்கார்ந்தான். டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தான்.

"என்ன பண்றதுன்னே தெரியலண்ணே. அவ தினமும் கேக்குறா, எண்ணெ கெடச்சுதான்னு. நானும் நாளைக்கு நாளைக்குன்னு சொல்லிட்டு வர்றேன். படுத்துக் கெடக்கிறவகிட்ட வேற என்ன சொல்றது?"

நானும் இன்னும் சிலரும் சேர்ந்து எண்ணெய் வாங்கிக்கொடுத்தோம். பணம் பெரிய விஷயமில்லை, இந்த ஊரில் மனசு இருக்கிறவர்கள் மன்றத்துக்கு வெளியே நிறையப் பேர். ஆனால் செடேகோ டிராக்டருக்கு அடியில் படுத்து எண்ணெய் வடிக்கும் திருகைத் தொட்டபோது சங்கா வந்துவிட்டார். அரசாங்க எஞ்சினில் தனியார் எண்ணெயை ஊற்றுவது எவ்வளவு பெரிய குற்றம் தெரியுமா என்று கேட்டார். பழைய எண்ணெய் அரசாங்கத்தின் சொத்து, அதை மண்ணில் வடிப்பது இன்னொரு குற்றம் என்றார். வாங்கிய டப்பாவைப் பறிமுதல் செய்தார். அது அடுத்த வாரம் ஜீப்புக்குப் போனது என்று கேள்விப்பட்டேன். திருகைச் சுற்றிக் கம்பி கட்டி ஈயத்தில் முத்திரை வைத்துவிட்டார்கள். இத்தனை வருஷத்தில் அந்த எஞ்சினுக்காக மன்றம் செய்த ஒரே பராமரிப்பு அதுதான்.

எஞ்சினின் தட்டல் இப்போது ஆஸ்பத்திரி வரைக்கும் கேட்டது. மேட்டில் ஏறும்போது நீலப் புகை விட்டது. செசெலேலா கட்டிலில் படுத்தபடியே அந்தச் சத்தத்தை வைத்து வண்டி எங்கே வருகிறது என்று சொல்லிவிடுவாளாம். சத்தம் நின்றால் மூச்சைப் பிடித்துக்கொள்வாளாம். இதை அவளே என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னாள். நான் டீ கொண்டுபோகும்போது அவளுக்கும் ஒரு கப் ஊற்றுவது வழக்கம்.

செடேகோ கடைசியாக இயக்குநரின் அறைக்குள் போய் மண்டியிட்டுவிட்டான். கியாருசி கல்நெஞ்சக்காரர் அல்ல. உட்கார்ந்து யோசித்தார். மணி போய்விட்டது, அதை யாரும் திருப்பிக் கொண்டுவர முடியாது. ஆனால் கிலோமீட்டர் இன்னும் வரவில்லையே, அதைக் கொண்டுவரலாம் அல்லவா? ஐயாயிரம் நிறையும்வரை டிராக்டரை ஓட்டிவிட்டால் எண்ணெய் தானாகக் கிடைத்துவிடும். ஊர் எல்லையைத் தாண்ட டிராக்டருக்கு அனுமதி இல்லை. ஆகவே பந்து விளையாட்டு மைதானத்தைச் சுற்றி ஓட்டுவது என்று முடிவானது. எண்ணெய்க்காக எண்ணெய் இல்லாத எஞ்சினை ஓட்டுவது பற்றி டாக்டரம்மா ஏதோ கேட்டாராம். மருத்துவர்கள் மருத்துவத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவருக்குச் சொல்லப்பட்டது.

இதில் ஒரு சின்ன சிக்கலை லியமோ கண்டுபிடித்தார். மன்றத்தின் வண்டி ஓடும்போது பொறுப்பான அதிகாரி ஒருவர் கூடப் போக வேண்டும். போகிற அதிகாரிக்குக் கிலோமீட்டர் கணக்கில் படி உண்டு. இந்தச் செய்தி பரவியதும் பொறுப்பு உணர்ச்சி எல்லோருக்கும் வந்துவிட்டது. முதல் நாள் சங்கா மட்டும் ஏறினார். இரண்டாம் நாள் தொட்டிவண்டியின் மேல் பலகை போட்டு எட்டுப் பேர் ஏறினார்கள். பிறகு வெயிலுக்குக் கூரை போட்டார்கள். கணக்குப் பிரிவு அம்மாக்கள் பின்னல் வேலையோடு வந்தார்கள். மூத்தவர்கள் முன்னால், இளையவர்கள் பின்னால் என்று இருக்கை முறை வந்தது. டிராக்டர் நடை வேகத்தில் மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. நான் கெட்டிலோடு பக்கத்தில் நடந்தே டீ கொடுத்தேன். எந்தச் சிரமமும் இல்லை.

ஆஸ்பத்திரிக்கு விடியற்காலையில் ஒரே ஒரு நடைதான் தண்ணீர் போனது. மிச்ச நேரமெல்லாம் வண்டி பயணத்தில் இருந்தது. நோயாளிகளின் சொந்தக்காரர்கள் தலையில் வாளி வைத்துக்கொண்டு ஆற்றுக்கும் மேட்டுக்கும் நடந்தார்கள். மாடித் தொட்டியில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போனது.

இந்தச் சுற்று ஊர்வலத்தின் நடுவில் கியாருசி ஒருநாள் பலகையில் எழுந்து நின்று பேசினார். ஒரு கையால் கூரைக் கம்பைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கள பாத்து சிலபேர் சிரிக்கிறாங்க. ஒரே எடத்துல சுத்துறாங்கன்னு சொல்றாங்க. நான் கேக்குறேன், இதுவரைக்கும் இந்த மன்றம் இவ்வளவு தூரம் போயிருக்கா?"

இல்லை என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். உண்மையும் அதுதான்.

ஐயாயிரத்துக்குக் கொஞ்சம்தான் பாக்கி என்று இருந்த நாளில் செசெலேலாவுக்கு வலி கண்டது, நாளுக்கு முன்பே. மைதானத்துக்கு ஆஸ்பத்திரி ஆயா ஓடிவந்தாள். மாடித் தொட்டி காலி, டாக்டரம்மா உடனே ஒரு தொட்டித் தண்ணீர் கேட்கிறார் என்றாள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகலாம் என்றால் ஆம்புலன்ஸ் இல்லை. அதுவும் ஜீப்பும் மன்றத்து லாரியும் தாய்சேய் நலக் கருத்தரங்குக்கு அதிகாரிகளை ஏற்றிக்கொண்டு தலைநகரம் போயிருந்தன.

செடேகோ வண்டியை மைதானத்திலிருந்து வெளியே திருப்பினான். பலகையில் இருந்தவர்கள் கத்தினார்கள். அவன் காதில் எதுவும் விழவில்லை. மைதானத்தின் வாசலை நெருங்கும்போது எஞ்சின் ஒருமுறை ஓங்கி அடித்தது. ஏதோ இரும்பு இரும்பை உடைத்தது. பிறகு சத்தமே இல்லை. வண்டிக்கு அடியிலிருந்து கரியும் எண்ணெயும் கலந்த ஒரு சேறு மெல்ல வழிந்தது. ஈய முத்திரை மட்டும் அப்படியே இருந்தது.

அதிகாரிகள் இறங்கினார்கள். எல்லோரும் முதலில் முன்சக்கரத்தைத்தான் பார்த்தார்கள். இன்னும் ஐந்தோ ஆறோ கிலோமீட்டர் பாக்கி. கியாருசிக்கு நிஜமாகவே வருத்தம். இவ்வளவு தூரம் வந்துவிட்டு இங்கே நிற்பதா என்றார். மைதானத்தின் ஓரத்தில் மசீமா என்ற மாட்டுக்காரர் இரண்டு ஜோடி எருதுகளைத் தண்ணீருக்கு ஓட்டிக்கொண்டு போனார். லியமோவின் கண் அதில் பட்டது. முள் சக்கரத்தில்தான் இருக்கிறது, சக்கரம் சுற்றினால் போதும், யார் இழுத்தால் என்ன என்றார். எருதுகளை டிராக்டரில் பூட்டச் சொல்லிச் சங்கா ஓடினார்.

செடேகோ கியாருசியின் முன்னால் போய் நின்றான். அவன் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும்.

"ஐயா, டிராக்டர் வேண்டாம். தொட்டிய மட்டும் கழட்டி அந்த மாட்டுல பூட்டிக்கறேன். ஆத்துக்குப் போய்ட்டு வந்துடறேன். எம் பொண்டாட்டி உள்ள கெடக்குறா."

"தெரியும்ப்பா. எனக்கும் குடும்பம் இருக்கு. ஆறே கிலோமீட்டர்தான். முடிஞ்சதும் மாட்ட நீயே எடுத்துக்கோ. உன் எண்ணெக்காகத்தானே இத்தன பேர் வெயில்ல நிக்கிறோம்?"

மசீமா அதுவரை கழியை ஊன்றிக்கொண்டு நின்றார். மன்றத்தில் யாரையும் அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதும் இல்லை.

"மாடு யாருது?" என்று கேட்டார். அவரே பதிலும் சொன்னார். "என்னுது. அந்தத் தொட்டியக் கழட்டு தம்பி."

நாங்கள் நாலைந்து பேர் தொட்டியைக் கழற்றிப் பூட்டினோம். எருதுகள் இழுத்தன. ஆற்றங்கரைக்குப் போன பிறகுதான் உறைத்தது. உறிஞ்சுவதற்கு எஞ்சின் இல்லை. கிணற்றில் இறங்கி வாளி வாளியாக மொண்டு மேலே கொடுத்துத் தொட்டியில் ஊற்ற வேண்டும். ஊற்றினோம். கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் வந்து வரிசையில் நின்றார்கள். தொட்டி நிறைவதாகவே தெரியவில்லை. செடேகோ கிணற்றுக்குள் இடுப்பளவு சேற்றில் நின்று மொண்டுகொண்டே இருந்தான். பாதி போதும், போ என்று மசீமா சொன்ன பிறகுதான் ஏறி வந்தான். மேட்டில் எருதுகள் முழங்கால் போட்டுப் போட்டு ஏறின. நாங்கள் பின்னால் தள்ளினோம். மாடிக்கு ஏற்ற முடியாததால் குடங்களிலேயே அறுவை அறை வரை கைமாற்றிக் கொடுத்தோம். அப்போது பொழுது சாய்ந்துவிட்டது.

டாக்டரம்மா வெளியே வந்தபோது செடேகோவைத் தேடாமல் என்னைத்தான் முதலில் பார்த்தார். தாயைக் காப்பாற்றிவிட்டேன் என்றார். மத்தியானமே தண்ணீர் வந்திருந்தால் என்று ஆரம்பித்து, முடிக்காமல் உள்ளே போய்விட்டார். பெண் பிள்ளை. தலைமுடி நிறைய இருந்தது.

மறுநாள் காலையில் புதைத்தோம். செடேகோ குழியைத் தானே மூடினான். நாங்கள் கை கழுவிக்கொண்டிருந்தபோது மன்றத்துச் சேவகன் வந்து நின்றான், கூச்சத்தோடுதான் நின்றான். இயக்குநர் கூப்பிடுகிறார், ஓட்டுநர் இல்லாமல் செய்ய முடியாது என்றான்.

மைதானத்தில் எல்லோரும் கூடியிருந்தார்கள். தலைநகரத்திலிருந்து திரும்பிவிட்ட மன்றத்து லாரி சங்கிலி போட்டு டிராக்டரை இழுத்துச் சுற்றிக்கொண்டிருந்தது. முள் ஐயாயிரத்தைத் தொட்டதும் லாரி நின்றது, கைதட்டினார்கள். சங்கா ஈய முத்திரையை வெட்டினார். உடைந்த எஞ்சினுக்குள் புத்தம்புது எண்ணெயை ஊற்றினார்கள். உள்ளே போனது ஒரு பக்கம் வெடிப்பு வழியாக மண்ணில் ஒழுகியது. மேலே ஊற்றிக்கொண்டே இருந்தார்கள், ஏனென்றால் அனுமதித்த அளவு முழுவதையும் ஊற்றியாக வேண்டும்.

கியாருசி பேசினார். பிள்ளையைப் பற்றிக் கேள்விப்பட்டதாகவும், மன்றம் முழுவதும் துக்கத்தில் இருப்பதாகவும் சொன்னார். சொல்லும்போது அவர் குரல் உடைந்தது, அது நடிப்பல்ல. அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, விதியை ஒரு கிலோமீட்டர்கூடத் தளர்த்தாமல், ஒரு ஏழை ஓட்டுநரின் கோரிக்கையை இந்த மன்றம் முழுமையாக நிறைவேற்றிவிட்டது என்றார்.

"எஞ்சின் செத்துடுச்சுங்க ஐயா," என்றான் செடேகோ.

"அது எஞ்சின் பிரிவு. அதுக்குத் தனியா கேளு. எண்ணெ வந்துடுச்சா, இல்லையா?"

வந்துவிட்டது என்றான். பெற்றுக்கொண்டதற்குக் கைரேகை வைக்கச் சொன்னார்கள். விரலில் குழிமண் இருந்ததால் மை சரியாகப் பதியவில்லை, இரண்டாம் தடவை வைத்தான்.

அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். செசெலேலா கண்ணைத் திறந்துகொண்டுதான் படுத்திருந்தாள். பிள்ளையைப் பற்றி அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். செடேகோ கட்டிலோரம் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டான். அவள்தான் முதலில் கேட்டாள்.

"எண்ணெ மாத்திட்டாங்களா?"

"மாத்திட்டாங்க."

அவள் அடுத்த கட்டிலில் நிறைவயிற்றோடு படுத்திருந்த சின்னப் பெண்ணின் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அப்போ இவளுக்குத் தண்ணி வந்துடும்," என்றாள்.

செடேகோ தலையாட்டினான். நானும் ஆட்டினேன்.